செல் பிரியும்போது மற்ற உறுப்புகள் எங்கே போகின்றன?

கேள்வி இதுதான்: "மைட்டாசிஸ் (செல் இரண்டாகப் பிரிதல்) படங்களில் முதல் கட்டமான புரோஃபேஸ் தொடங்கிக் கடைசிக் கட்டமான டீலோஃபேஸ் வரை குரோமோசோம்கள் மட்டுமே தெரிகின்றன. அதற்கு முந்தைய பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்த மைட்டோகாண்ட்ரியா, கோல்கை, எண்டோபிளாச வலை, ரைபோசோம் எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போகின்றன? அவையும் இரண்டாகப் பிரியுமா, இல்லை புதுச் செல்லில் புதிதாக உருவாகுமா?"

கல்லூரி ஆய்வகத்தில் வெங்காய வேரை நசுக்கிக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் இதை வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்துதான் வரும். பாடப்புத்தகம் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. செல் உறுப்புகள் ஒரு பாடம், செல் பிரிதல் அடுத்த பாடம், இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். இரண்டு பாடங்களும் ஒரே செல்லைப் பற்றியவை என்பதே மறந்துபோகிறது.

சுருக்கமாகச் சொன்னால், எல்லா உறுப்புக்கும் ஒரே விதி கிடையாது. சிலவற்றைச் செல் எண்ணிப் பங்கு போடுகிறது. சிலவற்றைக் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறது. சிலவற்றைக் கலைத்துப்போட்டு, வேலை முடிந்ததும் திரும்பக் கட்டிக்கொள்கிறது. எதற்கு எந்த விதி என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அந்த உறுப்பு செல்லுக்குள் எத்தனை இருக்கிறது, தொலைந்துபோனால் அதை மறுபடி செய்ய முடியுமா?

முதலில், படத்தில் ஏன் குரோமோசோம் மட்டும் இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். வால்டர் ஃப்ளெமிங் என்ற ஜெர்மானியர் சாலமாண்டர் என்ற நீர்நில உயிரியின் இளம்பருவச் செல்களைச் சாயமேற்றிப் பார்த்துத்தான் 1882-இல் வெளியான நூலில் இந்தக் கட்டங்களை வரைந்து காட்டினார். சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்ட பொருளுக்கு நிறம் என்ற பொருளில் 'குரோமாட்டின்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். மைட்டாசிஸ் என்ற சொல்லும் அவருடையதே. கிரேக்க மொழியில் 'மைட்டோஸ்' என்றால் நூலிழை. (இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இது 'இழையுருப்பிரிவு'. மைட்டோகாண்ட்ரியாவுக்கு அங்கே 'இழைமணி'. இரண்டிலும் அந்த மூல இழை அறுபடாமல் இருக்கிறது. எனக்கு அந்தச் சொற்கள் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.)

ஆக, சாயம் எதைப் பிடித்ததோ அதுதான் படத்தில் வந்தது. நம் ஆய்வக முறையும் அப்படித்தான். வெங்காய வேர் நுனியை ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் போட்டு வைக்கிறோம். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் குரோமோசோம்களை அழகாக நிலைநிறுத்தும், ஆனால் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைத்துவிடும். அதற்கு மேல் ஊற்றும் அசிட்டோகார்மைன் என்ற சாயமோ குரோமாட்டினைத்தான் சிவப்பாக்கும். மற்றவற்றை நாமே அழித்துவிட்டு, மிச்சம் இருப்பதற்கு மட்டும் வண்ணம் பூசிவிட்டு, "மற்றதெல்லாம் எங்கே?" என்று கேட்கிறோம்! உயிருள்ள செல்லில் ஜேனஸ் கிரீன் சாயம் விட்டால் மைட்டோகாண்ட்ரியா தெரியும். கோல்கைக்கு வெள்ளி உப்பு வேண்டும். 1898-இல் கமில்லோ கோல்கி வெள்ளி உப்பு முறையில்தான் ஆந்தையின் நரம்பு செல்லில் அதைக் கண்டார். சாயம் போட்டதால் வந்த கோளாறு அது, உண்மையில் அப்படி ஓர் உறுப்பே இல்லை என்று சந்தேகப்பட்டவர்கள் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு வரை இருந்தார்கள். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே அந்த வாதம் ஓய்ந்தது.

சரி, பிரிவுக்கு வருவோம்.

வேகமாக வளரும் ஒரு மனிதச் செல் ஒருமுறை வளர்ந்து பிரிந்து முடிக்கச் சுமார் 24 மணி நேரம் ஆகும். அதில் மைட்டாசிஸ் ஏறக்குறைய 1 மணி நேரம்தான். மிச்ச 23 மணி நேரத்தை 'இன்டர்ஃபேஸ்' என்று சொல்லி, பழைய புத்தகங்களில் 'ஓய்வு நிலை' என்று வேறு எழுதிவைத்தார்கள். ஓய்வாவது ஒன்றாவது! புரதம், சவ்வு, ரைபோசோம், மைட்டோகாண்ட்ரியா எல்லாம் இரட்டிப்பாவது அந்த 23 மணி நேரத்தில்தான். டிஎன்ஏ நகலெடுப்புகூட அதற்குள் எஸ் என்ற கட்டத்தில், 6 முதல் 8 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஹாவர்டு, பெல்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1950-களின் தொடக்கத்தில் அவரை இனத்துச் செடியொன்றின் வேருக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள். அதனால், மைட்டாசிஸ் தொடங்கும்போது சரக்கெல்லாம் ஏற்கெனவே இரண்டு பங்காகத் தயார். அந்த 1 மணி நேரம் முழுக்கப் பாகப்பிரிவினைதான்.

எண்ணிப் பிரிக்கப்படுபவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். குரோமோசோம் என்பது வெளிப்படை. மனிதச் செல்லில் 46 இருக்கின்றன, எல்லாவற்றையும் நீட்டி ஒட்டிவைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் டிஎன்ஏ. இதில் ஒவ்வொன்றும் தனித்தனிச் சரக்கு. 21ஆம் குரோமோசோமுக்குப் பதிலாக 20ஆம் குரோமோசோமைக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. தொலைந்தால் மறுபடி எழுதிக்கொள்ள மூலப்பிரதியும் வேறெங்கும் கிடையாது. அதனால் மூலமும் நகலுமான ஒவ்வொரு ஜோடியும், குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் என்ற அமைப்பின் இழைகளால் இரண்டு பக்கத்திலிருந்தும் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று செல் சரிபார்க்கிறது. ஒரே ஒரு குரோமோசோம் பிடிபடாமல் இருந்தாலும் மொத்தச் செல்லும், குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டும் மெட்டாஃபேஸ் கட்டத்திலேயே காத்து நிற்கும்.

படத்தில் ஒரு புள்ளியாகக் கடந்துபோகும் சென்ட்ரோசோமும் இதே வகைதான். விலங்கு செல்லில் அது ஒன்றுதான் இருக்கும். டிஎன்ஏ நகலாகும் அதே காலத்தில் அதுவும் ஒரே ஒரு முறை இரட்டிக்கிறது. இரண்டும் இரண்டு துருவங்களுக்குப் போய் நின்று கதிர்கோலைக் கட்டுகின்றன, ஆளுக்கொரு மகள் செல்லோடு போய்விடுகின்றன. கணக்குத் தவறி மூன்று, நான்கு ஆகிவிட்டால் கதிர்கோலுக்கு மூன்று, நான்கு முனை வந்து குரோமோசோம்கள் கண்டபடி இழுபடும். தியோடர் போவரி கடல் முள்ளெலியின் முட்டைகளை இரண்டு விந்தணுக்களால் கருவுறச் செய்து இதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார். புற்றுநோய்ச் செல்களில் இப்படிப் பல முனைக் கதிர்கோல்கள் சகஜம்.

இப்போது கலைத்துக் கட்டப்படுபவை. நியூக்ளியஸின் உறையை ஏன் கலைக்க வேண்டும்? கதிர்கோல் வெளியே சைட்டோபிளாசத்தில் கட்டப்படுகிறது, குரோமோசோம்களோ உள்ளே அடைபட்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் சுவரை எடுத்தால்தான் இழை போய்ப் பிடிக்க முடியும். உறையின் உட்புறத்தில் லேமின் என்ற புரதத்தால் பின்னிய ஒரு வலை தாங்கி நிற்கிறது. பிரிவு தொடங்கும் நேரத்தில் ஒரு நொதி அந்த லேமின்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, வலை அவிழ்ந்துவிடுகிறது. புத்தகம் "நியூக்ளியஸ் உறை மறைகிறது" என்று எழுதும். மறைவதெல்லாம் இல்லை. அந்தச் சவ்வு எண்டோபிளாச வலைக்குள் போய்ச் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் முதலிலிருந்தே ஒட்டிய ஒரே சவ்வுதான் என்பதால் அதற்குப் போக இடமிருக்கிறது. டீலோஃபேஸில் அதே சவ்வு குரோமோசோம்களின் மேல் வந்து படர்ந்து மறுபடி உறையாகிறது. ஈஸ்ட்டில் இந்தத் தொல்லையே இல்லை. அது கதிர்கோலை நியூக்ளியஸுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும், உறை கலையாது.

நியூக்ளியஸுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் மறைவதற்குக் காரணம் வேறு. ரைபோசோம் தயாரிக்கும் பட்டறை அது. குரோமோசோம்கள் இறுகிச் சுருண்டதும் ஜீன்களைப் படிக்கும் வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது, பட்டறைக்கு வேலையில்லை, கலைந்துவிடுகிறது. ஏற்கெனவே தயாரான ரைபோசோம்கள் லட்சக்கணக்கில் சைட்டோபிளாசத்தில் கிடக்கின்றன. அவற்றை யாரும் எண்ணுவதில்லை. செல் நடுவில் பிளந்தால் தாமாகவே கிட்டத்தட்டப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். (அந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகத் தெரிந்துகொண்டதற்காக 2009-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.)

அந்த பாஸ்பேட் ஒட்டும் நொதியைப் பற்றி ஒரு வார்த்தை. சிடிகே என்பது அதன் குடும்பப் பெயர். அதற்குச் சைக்ளின் என்ற கூட்டாளிப் புரதம் சேர்ந்தால்தான் வேலை செய்யும். சைக்ளின் மெதுவாகச் சேர்ந்துகொண்டே வந்து, பிரிவின் நடுவில் சட்டென்று அழிக்கப்படும். டிம் ஹன்ட் 1982-இல் கடல் முள்ளெலி முட்டையில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்தார். ஈஸ்ட்டில் இதே கட்டுப்பாட்டைத் தேடிய லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோரோடு 2001-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். உங்கள் கேள்விக்கு இது ஏன் முக்கியம் என்றால், குரோமோசோமைச் சுருட்டச் சொல்வது, உறையை அவிழ்ப்பது, கோல்கையை உடைப்பது, மைட்டோகாண்ட்ரியாவைத் துண்டாக்குவது எல்லாவற்றுக்கும் உத்தரவு இந்த ஒரே ஜோடியிடமிருந்துதான் புறப்படுகிறது. உறுப்புகள் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அதே மணி அடித்ததும் அவையும் எழுந்திருக்கின்றன.

அடுத்து கதிர்கோல். இதற்கென்று தனிச் சரக்கு கிடையாது. சாதாரண நாட்களில் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தாலான நுண்குழல்கள் தண்டவாளம் மாதிரி எங்கும் ஓடுகின்றன. கோல்கையின் பைகள் செல்லின் நடுவில் ஒன்றாக நிற்பதுகூட அந்தத் தண்டவாளத்தின் தயவில்தான். பிரிவு வந்ததும் செல் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து, அதே டியூபுலினைக் கொண்டு கதிர்கோலைக் கட்டுகிறது. முடிந்ததும் கதிர்கோலைப் பிரித்துப் பழையபடி தண்டவாளம் போடுகிறது.

இந்த இடத்தில் நம் ஊர்ச் செடி ஒன்று உள்ளே வருகிறது. செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத்தில் கார்த்திகைப் பூ, மருத்துவச் செடியாக வளர்ப்பவர்களுக்குக் கண்வலிக் கிழங்கு. சங்கப் பாடல்கள் பெண்களின் விரலுக்கு உவமையாகச் சொன்ன அதே பூ. அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு அதை இழையாக நீள விடாது. கதிர்கோல் கட்ட முடியாமல் செல் மெட்டாஃபேஸிலேயே நின்றுவிடும். குரோமோசோம்களை எண்ணுவதற்கு இதைவிட வசதி உண்டா? மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் சுமார் முப்பது வருடம் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. சுவீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் கோல்ச்சிசின் கொடுத்து நிறுத்திய செல்களில் எண்ணிப் பார்த்து, 46தான் என்று 1956-இல் வெளியிட்டார்கள். தோட்டத்தில் நிற்கும் நித்தியகல்யாணியும் இதே குழலைத்தான் குறிவைக்கிறது. அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் புற்றுநோய் மருந்துகள். ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: கண்வலிக் கிழங்கு கொடிய விஷம், உயிரையே எடுத்துவிடும். ஆய்வகத்துக்கு வெளியே அதை வைத்துப் பரிசோதனை எதுவும் வேண்டாம்.

கோல்கைக்கு வருவோம். விலங்கு செல்லில் கோல்கை நியூக்ளியஸுக்குப் பக்கத்தில் ரிப்பன் போல ஒரே தொடராக இருக்கிறது. ஒரே தொடராக இருப்பதை எப்படிச் சமமாகப் பங்கு போடுவது? உடைத்துத்தான். பிரிவு நெருங்கும்போது ரிப்பன் முதலில் துண்டுகளாகி, பிறகு சின்னச் சின்னக் குமிழ்களாகச் செல் முழுதும் பரவுகிறது. பிரிந்த பிறகு இரண்டு பக்கமும் அவை கூடி மறுபடி ரிப்பனாகின்றன. சுவாரசியம் என்னவென்றால், சோதனையில் இந்த உடைப்பைத் தடுத்துவிட்டால் செல் மைட்டாசிஸுக்குள்ளேயே நுழையத் தயங்குகிறது. குரோமோசோம் எவ்வளவு தயாராக இருந்தாலும் கோல்கைக்காகச் செல் காத்திருக்கிறது. தாவரச் செல்லில் கதை வேறு. அங்கே கோல்கை தொடக்கத்திலிருந்தே நூற்றுக்கணக்கான தனித்தனி அடுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால் உடைக்க வேண்டிய தேவை இல்லை. பிரிவின் நடுவிலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எண்டோபிளாச வலை உடைந்து குமிழாகிறது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். உயிருள்ள செல்களைப் பார்த்தபோது அது தொடர்ந்த வலையாகவே இருப்பதும், கதிர்கோல் நிற்கும் இடத்தை விட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்வதும் தெரிந்தது. கழிவைச் செரிக்கும் லைசோசோம் போன்றவை எண்ணிக்கையில் நிறைய, ரைபோசோமைப் போலவே பங்காகிவிடும்.

இனி மைட்டோகாண்ட்ரியா. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, அதாவது 'புதிதாக உருவாகுமா?' என்பதற்கு, இங்கேதான் திட்டவட்டமான பதில் இருக்கிறது. உருவாகாது. மைட்டோகாண்ட்ரியா மைட்டோகாண்ட்ரியாவிலிருந்துதான் வரும். ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வாரிசு அது. லின் மார்குலிஸ் 1967-இல் இதை எழுதியபோது பலர் ஏற்கவில்லை, இன்று மறுப்பவர் அரிது. அதற்குச் சொந்த டிஎன்ஏ உண்டு: மனிதரில் 16,569 எழுத்து, 37 ஜீன். ஒரு செல் தன் மைட்டோகாண்ட்ரியா அத்தனையையும் இழந்துவிட்டால் நியூக்ளியஸில் உள்ள குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கட்டிவிட முடியாது.

அவ்வளவு முக்கியமென்றால் குரோமோசோமைப் போல எண்ணித்தானே பிரிக்க வேண்டும்? தேவையில்லை. ஏனென்றால் நிறைய இருக்கின்றன. ஒரு கல்லீரல் செல்லில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பாடப் படத்தில் அவரைக்கொட்டை மாதிரி தனித்தனியாக வரைந்திருப்பார்கள், உண்மையில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து நீள்வதும் துண்டாவதுமாக ஓயாமல் உருமாறிக்கொண்டிருப்பவை. பிரிவு தொடங்கும்போது அந்த நீண்ட வலை துண்டு துண்டாக்கப்பட்டு எங்கும் பரப்பப்படுகிறது. அதன் பிறகு நடுவில் எங்கே வெட்டினாலும் இரண்டு பக்கமும் போதுமான அளவு கிடைத்துவிடும். நூறு துண்டும் ஒரே மகள் செல்லுக்குப் போவது என்பது, நூறு காசைச் சுண்டிவிட்டு நூறும் தலையாக விழுவது போல. நடக்கவே நடக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணி வைக்கும் சிரமத்தை நிகழ்தகவு மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

எண்ணிக்கை குறைந்தால் இந்தச் சலுகை செல்லாது. கிளாமிடோமோனாஸ் என்ற பாசியில் குளோரோபிளாஸ்ட் ஒன்றே ஒன்றுதான். அங்கே அதைக் குருட்டாம்போக்கில் விட முடியாது, செல் பிரியும்போது குளோரோபிளாஸ்ட்டும் சரியாக இரண்டாகப் பிளக்க வேண்டும். ஈஸ்ட் முளை விட்டுப் பெருகும்போது முளை சின்னதாக இருக்கும், தற்செயலாக ஏதாவது வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது. அதனால் மைட்டோகாண்ட்ரியாவை மோட்டார் புரதங்கள் ஆக்டின் என்ற புரத இழைகளின் மேல் இழுத்துக்கொண்டு போய் முளைக்குள் சேர்க்கின்றன.

குத்துமதிப்புக்கும் ஒரு விலை உண்டு. ஒரு பெண்ணின் செல்களில் பழுதான மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் நல்லதும் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருமுட்டைகள் உருவாகும்போது இந்தக் கலவை ஒவ்வொரு முட்டைக்கும் ஒவ்வொரு விகிதத்தில் போய்விடும். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் கடுமையாகவும் மற்றவருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். குரோமோசோம் வழி வரும் நோய்களுக்குச் சொல்வதுபோல 'நாலில் ஒன்று', 'இரண்டில் ஒன்று' என்று மருத்துவரால் இங்கே சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக, செல் உடலே பிளப்பது. விலங்கு செல்லில் ஆக்டின், மையோசின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து செல்லின் இடுப்பைச் சுற்றிச் சுருக்குக் கயிறு போல இறுக்குகின்றன. தசையைச் சுருக்குவதும் இதே ஜோடிதான். வெங்காயச் செல்லைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்கிறது, வெளியிலிருந்து இறுக்கி அதைப் பிளக்க முடியாது. அதனால் உள்ளிருந்து கட்டுகிறது. கோல்கையிலிருந்து புறப்பட்ட பைகள் சுவருக்கான சரக்கைச் சுமந்துகொண்டு நட்டநடுவில் வந்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தட்டாகின்றன. அந்தத் தட்டு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்கிறது. தாவரக் கோல்கை பிரிவின்போது உடையாமல் வேலையில் இருப்பதன் ரகசியம் இதுதான். எண்டோபிளாச வலையின் சில இழைகள் அந்தத் தட்டுக்குள் மாட்டிக்கொள்கின்றன. அவை அப்படியே நின்று, இரண்டு மகள் செல்களையும் இணைக்கும் நுண்ணிய வழிகளாக மாறிவிடுகின்றன.

அடுத்த முறை வெங்காய ஸ்லைடு பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். மெட்டாஃபேஸைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் வரைந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். இரண்டு சிவப்புக் கொத்துகள் எதிரெதிர் முனையில் நிற்கும் டீலோஃபேஸ் செல் ஒன்றைப் பிடித்து, நுண்ணோக்கியின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, ஃபோக்கஸை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு கொத்துகளுக்கும் நடுவே, சாயமே ஏறாமல், மெல்லிய கோடு ஒன்று தெரியும். அது கோல்கை கொண்டுவந்து சேர்த்த சரக்கு.